பாசில் பாக்க பசங்கள எங்க இட்டுனு போறது? திருவக்கரையா, காரையா, பூண்டியா?

தண்டையார்பேட்டைல குடியிருந்துகினு பாசில் (அதான், கல்லாப் போன பழைய காலத்து மரம், உயிரினம்) ட்ரிப்புன்னு பேசுனா எங்க தெருவுல சிரிக்கிறாங்க. ஆனா ஒரு வருஷத்துல மூணு எடம் போயிட்டு வந்தாச்சு, நானு, வீட்டம்மா, நாலாவது படிக்கிற பொண்ணு, யூகேஜி பையன், ஒரு தடவ மட்டும் மாமியாரு. இப்ப பொண்ணு கிளாஸ் பசங்களோட அம்மா அப்பா எல்லாம் போன் போட்டு எது நல்லாருக்கும், எவ்ளோ ஆச்சு, கல்லு எடுத்துனு வரலாமான்னு ஒரே கேள்வி, தனித்தனியா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

அவசரத்துல இருக்கவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன். பசங்களுக்கு எட்டு வயசு தாண்டிடுச்சு, கூட ஜியாலஜி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வர்றாருன்னா பெரம்பலூர் பக்கம் காரை, யோசிக்கவே வேணாம். வீட்டுப் பெரியவங்களையும் சேத்து ஒரே நாள்ல போயிட்டு வரணும்னா திருவக்கரை. வாண்டுங்க, கைல காசும் கம்மின்னா பூண்டி, ஆனா பூண்டில இருக்கறது பாசில் இல்ல, ஆதி மனுஷன் செஞ்ச கல் ஆயுதம், அது வேற கதை.

கல்லு எடுத்துனு வரலாமான்னு கேட்டீங்கல்ல, மூணு எடத்துலயும் அந்த நெனப்போட போகாதீங்க. திருவக்கரை கல்மரப் பூங்காவும் காரை பக்கம் இருக்கற சாத்தனூர் கல்மரமும் ஜி.எஸ்.ஐ, அதான் இந்திய புவியியல் ஆய்வுத் துறை, பாதுகாக்குற தேசிய புவியியல் சின்னம், ஒரு சில்லு கூட எடுக்கக் கூடாது. அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கம் எல்லாம் சிமெண்ட் கம்பெனிங்க கையில இருக்கு, பர்மிஷன் இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. இது தெரியாம "கலெக்ஷன் டூர்"னு போட்டத நம்பி காசு கட்டி ஏமாந்தது நான், அத அப்புறம் சொல்றேன்.

திருவக்கரை மொதல்ல போனது. திண்டிவனம் போயி மயிலம் வழியா உள்ள போகணும், காலைல அஞ்சரைக்கு கிளம்புனா செங்கல்பட்டு டோல்கிட்ட நாஸ்தா முடிச்சு பத்து மணிக்குள்ள போயிடலாம். 1781லயே சோனெராட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இத பத்தி எழுதியிருக்காரு, 1940ல ஜி.எஸ்.ஐ பூங்காவா ஆக்குனாங்க. மொத்தம் 247 ஏக்கர், அதுல ஜனங்க நடக்குற பகுதி கொஞ்சம்தான், சுமார் 200 கல்மரம் இருக்கு. வயசு ரெண்டு கோடி வருஷம்ன்றாங்க. மரம் எப்படி கல்லாச்சுன்னா, வெள்ளத்துல அடிச்சுனு வந்த மரம் மணல்ல புதைஞ்சு, காத்து படாததால மக்காம கிடந்து, மண்ணுக்குள்ள ஓடுற தண்ணியில கரைஞ்சிருந்த சிலிக்கான்ற தாது கொஞ்சம் கொஞ்சமா மரத்தோட நரம்புக்குள்ள எல்லாம் போயி உக்காந்துடுச்சு. அங்கயே முளைச்ச மரம் இல்ல, வேற எங்கயோ இருந்து வந்ததுன்னு எப்படி சொல்றாங்கன்னா, கிடக்குற மரத்துல கிளையும் இல்ல வேரும் இல்ல, எல்லாம் வெறும் அடிமரமா படுத்துனு இருக்கு.

எனக்கு புல்லரிச்சுது, உண்மைய சொல்றேன். மரவாடியில அறுத்துப் போட்ட கட்டை மாதிரியே வளையம், கணு, பட்டை எல்லாம் அப்படியே தெரியுது, ஆனா விரல் முட்டியால தட்டுனா 'டொக்'குன்னு வரவேண்டிய எடத்துல 'டிங்'குன்னு வருது. ஆனா பசங்களுக்கு? பையன் ஒரு மரம் பாத்தான், ரெண்டாவது பாத்தான், மூணாவது மரத்துல ஓணான் ஒண்ணு உக்காந்திருந்துச்சு, அதோட பாசில் முடிஞ்சு ஓணான் ஆரம்பிச்சுடுச்சு. பொண்ணு கொஞ்சம் பொறுமையா பாத்துட்டு, "நைனா, கட்டைய பாக்கவா அஞ்சு மணிக்கு எழுப்புன?"ன்னு கேட்டா. அங்க இருந்த வாட்ச்மேன் பெரியவர் நல்ல மனுஷன், "தம்பி, புள்ளைய அது மேல ஏத்தாதீங்க"ன்னு சொன்னதோட சரி, அவருக்கு தெரிஞ்சத கேட்டா சொல்றாரு, ஆனா கைடுன்னு சொல்லிக்கிற அளவுக்கு எதுவும் கிடையாது. ஜெயிச்சது மாமியாருதான். பக்கத்துலயே வக்கிரகாளியம்மன் கோயில், சந்திரமௌலீஸ்வரர் மூணு முக லிங்கம், கும்பிட்டுட்டு வந்து இதுதாண்டா ட்ரிப்புன்னுட்டாங்க. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க, கூட்டத்துல வண்டி நிறுத்தவே எடம் கிடைக்காது.

பூண்டிய சீக்கிரம் சொல்லிடுறேன். நம்ம பக்கத்துல இருந்து ரொம்ப கிட்ட, ரெட்ஹில்ஸ் வழியா திருவள்ளூர் பக்கம் போனா போதும், டூவீலர்லயே போயிட்டு வர்றவங்க இருக்காங்க. தொல்லியல் துறையோட மியூசியம் ஒண்ணு, பக்கத்துல ஏரி, அவ்ளோதான். ஆனா விஷயம் பெருசு. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்ற ஜி.எஸ்.ஐ ஆபீசர் பல்லாவரத்துல ஒரு கைக்கோடாரி எடுத்தாரு, அதே வருஷம் பூண்டி பக்கத்துல அத்திரம்பாக்கத்துலயும் எடுத்தாரு, அந்த அத்திரம்பாக்கத்துக் கல்லு 15 லட்சம் வருஷம் பழசுன்னு தொல்லியல் ஆராய்ச்சி பண்ற சாந்தி பப்பு டீம் 2011ல சொன்னாங்க. கல்லு செதுக்குன ஆளுங்க வாழ்ந்தது கொசஸ்தலை ஆத்துப் பக்கம், அந்த ஆறு வந்து கடல்ல சேர்றது நம்ம எண்ணூர்ல. சாம்பல் கழிமுகம்னு தினம் திட்டிக்கினு தாண்டிப் போறோமே, அதே ஆறு. யூகேஜி பையனுக்கு மூணுல இதுதான் புடிச்சிருந்துச்சு, கண்ணாடிக்கு வெளிய நின்னுகினு கோடாரிய புடிக்கிற மாதிரி கைய மடக்கி மடக்கி மூணு ரவுண்டு வந்தான். மனுஷன் கைக்குன்னு செஞ்ச பொருள் சின்னப் பசங்களுக்கு சட்டுன்னு புரியுது. போறதுக்கு முன்னாடி மியூசியம் திறந்திருக்கான்னு மட்டும் விசாரிச்சுக்கோங்க, திருவள்ளூர் வெயில்ல பூட்டுன கேட்டு முன்னாடி நிக்கிறது பேஜார்.

இப்ப காரை. இதுல ரெண்டு கதை, கெட்டத மொதல்ல சொல்லிடுறேன்.

ஒரு ஆர்கனைசர், பேரு வேணாம், வார இறுதி டூர், பெரியவங்களுக்கும் பசங்களுக்கும் சேத்து, போஸ்டர்ல பெரிய டைனோசர், கீழ முட்டை, "உங்கள் குழந்தையே கண்டுபிடிக்கும்"னு கொட்டை எழுத்துல. ஆளுக்கு மூவாயிரத்துக்கு மேல கட்டுனோம். ராக்ஃபோர்ட் ட்ரெயின்ல ஏறி விடிகாலைல அரியலூர் எறங்குனா வேன் வரல. வந்த வேன் நேரா ஒரு சுரங்கத்து கேட்டுக்கு போச்சு, செக்யூரிட்டி பர்மிஷன் லெட்டர் எங்கன்னாரு, ஆர்கனைசர் போன எடுத்துகினு ஓரமா போயிட்டாரு, பத்து பசங்க வெயில்ல ஒன்றரை மணி நேரம். முட்டை சமாச்சாரம் என்னன்னா, 2020ல குன்னம் பக்கம் உருண்டை உருண்டையா கல்லு கிடைச்சு டைனோசர் முட்டைன்னு வாட்ஸப் பூரா ஓடுச்சு ஞாபகம் இருக்கா, அது முட்டையே இல்ல. கடலடிச் சேத்துல செத்துக் கிடந்த அம்மோனைட்டுன்ற சுருள் ஓட்டுக் கடல் பிராணி மேல தாதுப் பொருள் படிஞ்சு படிஞ்சு வெங்காயம் மாதிரி உருண்டது. அந்த போட்டோவத்தான் நம்ம ஆள் போஸ்டர்ல போட்டிருக்காரு. முட்டையே அந்தப் பக்கம் இல்லன்னு சொல்லல, 2009ல செந்துறை பக்கம் சேலம் பெரியார் யூனிவர்சிட்டி ஆளுங்க எடுத்தாங்க, ஆனா அது வேன்ல போயி பொறுக்குற சமாச்சாரமா?

கடைசில சமாதானத்துக்கு ஒவ்வொரு பசங்களுக்கும் ஒரு கவர், உள்ள பாதியா அறுத்து பளபளன்னு பாலிஷ் போட்ட அம்மோனைட். என் பொண்ணு வாங்குன உடனே கேட்டா, "இத யாரு எடுத்தது?" ஆர்கனைசர் சிரிச்சு மழுப்பிட்டாரு. கூட வந்த கைடு, ஜியாலஜில பிஎச்டி பண்ற பையன், எங்கிட்ட மெதுவா, "அண்ணா, இப்படி அறுத்து பாலிஷ் போட்டு விக்கிறது பெரும்பாலும் மடகாஸ்கர் சரக்கு"ன்னான். எனக்கு கோவம் வந்துச்சு, அப்புறம் அவனே ஒண்ணு சொன்னான் பாருங்க, கோவமே போயிடுச்சு: காரை மண்ணு கடலடில சேறா படிஞ்ச காலத்துல மடகாஸ்கர் நம்ம நாட்டோட ஒட்டிக்கினுதான் இருந்துச்சாம், சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான் பிரிஞ்சு போச்சாம். அப்ப இதுவும் நம்ம ஊருதான்னு வச்சுக்கலாம்.

இந்த பையன் ஒருத்தன் இல்லன்னா அந்த ட்ரிப்பே வேஸ்ட். இப்ப நல்ல கதை.

காரை எப்படி இருக்கும்னா, ஊர் தாண்டுன உடனே பச்சை எல்லாம் காணாம போயி செவப்பும் வெள்ளையும் பழுப்புமா மண்ணு, மழைத்தண்ணி அரிச்சு அரிச்சு ஓடையும் மேடுமா, நிழலுக்கு சீமைக் கருவேலத்த தவிர ஒண்ணும் கிடையாது. ஒருகாலத்துல கடலடி, வயசு சுமார் 10 கோடி வருஷம். தரையில கண்ணாடிச் சில்லு கொட்டுன மாதிரி மின்னுது, பசங்களுக்கு கால்ல குத்திடும்னு வீட்டம்மா கத்துனா, அது ஜிப்சம்ன்ற தாது. அந்த பையன் ஒரு துண்ட எடுத்து பொண்ணு கைல குடுத்து நகத்தால கீறச் சொன்னான், கோடு விழுந்துச்சு, கண்ணாடியில விழுமா? அவ்ளோதான், பத்து நிமிஷத்துக்கு எல்லா பசங்களும் கீறினு உக்காந்துட்டாங்க.

அப்புறம் தரைய பாத்துகினே நடங்கன்னான். முதல் அரை மணி நேரம் ஒண்ணுமே தெரியல, அப்புறம் கண்ணு பழகிடுச்சு, ஒரே எடத்துல நாலஞ்சு கெடக்கு. விரல் நீளத்துல, ஒரு பக்கம் கூரா, புல்லட் மாதிரி, தேன் கலர்ல ஒரு கல்லு. பொண்ணு எடுத்து உடைஞ்ச பக்கத்த பாத்தா, நடுவுல இருந்து சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி கோடு கோடா. கைடு வாய திறக்கறதுக்குள்ள, "நைனா, இது கடம்பா முள்ளு மாதிரி கீது"ன்னா. அவன் ஆடிப் போயிட்டான். காசிமேட்டுல வாங்கினு வந்து ஞாயித்துக்கிழமை தொட்டியில கடம்பா (கணவாய்) சுத்தம் பண்ணும்போது உள்ள இருந்து பிளாஸ்டிக் மாதிரி நீளமா ஒண்ண உருவுவோம்ல, அத வச்சு அவ விளையாடுவா. அந்தக் கல்லு பேரு பெலம்னைட், கடம்பாவுக்கு தூரத்துச் சொந்தம், அதோட உடம்புக்குள்ள இருந்த ஓடுதான் அது. காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட இத புரிய வைக்க ரெண்டு கிளாஸ் ஆகும்னு சொல்லி சிரிச்சான்.

அதனாலதான் நம்ம பசங்களுக்கு காரைன்னு அடிச்சு சொல்றேன். கட்டை கல்லானது பெரியவங்களுக்கு ஆச்சரியம், நம்ம ஏரியா பசங்க பொறந்ததுல இருந்து சிப்பி, சங்கு, நண்டு, கடம்பா பாத்து வளந்தவங்க, கடல் பொருள் கல்லா கெடந்தா அவங்களுக்கு மொழிபெயர்ப்பே வேணாம். அம்மோனைட்டும் அப்படித்தான், பொண்ணு அத நத்தைன்னா, நத்தை இல்ல, இதுவும் கடம்பா ஜாதிதான், ஓட்டுக்குள்ள அறை அறையா தடுத்து வச்சு அதுல காத்து ரொப்பி மிதக்கும், 6.6 கோடி வருஷம் முன்னாடி டைனோசரோட சேந்து இதுவும் போச்சுன்னு அவன் சொன்னான்.

பாத்தது எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு எடுத்த எடத்துலயே திரும்ப வைக்கச் சொன்னான். பொண்ணு மூஞ்ச தூக்கினா. எந்த அடுக்குல கெடந்துச்சுன்றதுதான் அதோட வயச சொல்லும், பைக்குள்ள போயிட்டா வெறும் கல்லுன்னான், அவளுக்கு பாதிதான் புரிஞ்சுது, ஆனா வச்சுட்டா. எனக்கும் பாக்கெட்ல கை போச்சு, மறைக்கல.

அதே ட்ரிப்புல சாத்தனூர் கல்மரமும் பாத்துடலாம், 18 மீட்டர் நீளம், 1940ல ஜி.எஸ்.ஐ ஆபீசர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது, ஒரே மரம்தான், கால்மணி நேரம் போதும். வாரணவாசில பாசில் மியூசியம் இருக்கு, மத்தியான வெயிலுக்கு அங்க ஒதுங்கிக்கலாம்.

யூகேஜி பையன காரைக்கு இட்டுனு போனது தப்பு, பதினோரு மணிக்கெல்லாம் வாந்தி. மாசி தாண்டிட்டா அங்க போகவே போகாதீங்க. ஐப்பசி கார்த்திகை மழை மேல் மண்ண அரிச்சு புதுசு புதுசா வெளிய கொண்டாந்து போட்டிருக்கும், மண்ணு காஞ்சதும் தை மாசம் போனீங்கன்னா நல்லா கண்ணுல படும். மழை விட்ட மறுநாளே போனா களிமண்ணுல செருப்ப விட்டுட்டுத்தான் வரணும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, ஷூ, ஒரு பூதக்கண்ணாடி, சாப்பாட்ட ஊர்லயே வாங்கிக்கோங்க.

எங்கயும் போக முடியலயா, எழும்பூர் மியூசியம். ஃபூட் சேத்து வச்ச கல்லு ஆயுதமெல்லாம் 1904ல இவங்கதான் வாங்குனாங்க, ஜியாலஜி கேலரில பாசிலும் இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு. காரை போறதுக்கு முந்தின வாரம் ஒரு நடை இங்க போயிட்டு போனா பசங்க கண்ணு பாதி பழகிடும், நாங்க அத பண்ணாம போயிட்டோம்.

வர்ற தை மாசம் மறுபடி காரைதான், இந்த தடவ ஆர்கனைசர் கிடையாது, அந்த பிஎச்டி பையன்கிட்டயே நேரா பேசியாச்சு, அவனுக்கு குடுக்குறது, வேன் வாடகை எல்லாத்தையும் தலைக்கு பிரிச்சுக்கலாம். வேன்ல இன்னும் அஞ்சு சீட் இருக்கு. டைனோசர் முட்டை கேக்குற பசங்கள மட்டும் மொதல்லயே பேசி ரெடி பண்ணி இட்டாங்க.