இரமுசா, ஹாத்தாவாரியா, வெட்டிவேரா? கோப்பைக்குள் வருவது எது?

இந்த வேரில் இரும்புச்சத்து, அந்த வேரில் கல்சியம் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் முழுப் பொய் இல்லை. ஆனால் பெரும்பாலும் அவை காய்ந்த தூள் 100 கிராமுக்குப் போட்ட கணக்கு, 100 கிராம் தூளை யார் விழுங்குகிறார்கள்? பச்சை வேரில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், காயவைத்ததும் அதே சத்து கிராமுக்கு ஐந்து மடங்காகத் தெரியும். வேரில் புதிதாக ஒன்றும் சேரவில்லை, தண்ணீர் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மலைநாட்டில் நம் கைக்கு எட்டும் மூன்று வேர்களை, வயிற்றுக்கு எது போய்ச் சேருகிறது என்பதை வைத்தே பார்க்கலாம்.

இரமுசு, அதாவது நன்னாரி. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு இதன் வேரை அவித்துக் குடிக்கும் சுகமே தனி. அந்த மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ரொக்சி-4-மெதொக்சி பென்சல்டிஹைட் என்ற பொருள். வனிலாவுக்கு மணம் தரும் வனிலினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில் இதிலும் உண்டு, அடுக்கிய விதம் மட்டும் வேறு. மணம் அதிகம் இருப்பது வேரின் தோலில். ஆகவே கடையில் தடித்த வேரைத் தேடாதீர்கள், தடித்ததில் உள்ளே வெறும் கட்டைதான் கூட. மெல்லிய, கறுத்த, குறுக்கே வெடிப்பு விழுந்த வேரை எடுத்து நகத்தால் சுரண்டி முகர்ந்து பாருங்கள், வாசம் உடனே வரவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, இந்த மணப்பொருள் நீராவியோடு பறந்துவிடும். மூடாமல் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் லயம் முழுக்க வாசம் வரும், கோப்பையில் டானின் துவர்ப்புதான் மிஞ்சும். வேரை நசுக்கிப் போட்டு, மூடி வைத்து, சின்ன நெருப்பில் விடுவதுதான் சரி. இந்த வேரைப் பற்றிப் பேசுபவர்கள் லூப்பியோல் என்ற வேதிப்பொருளின் பெயரையும் சொல்வார்கள். அது வேரில் இருக்கிறது, உண்மைதான், ஆனால் தண்ணீரில் கரையாத சாமான், அவித்த தண்ணீரில் அதை எதிர்பார்க்க வேண்டாம். உடம்புக்குத் தெம்பு தரும் சத்து என்று கேட்டால், அந்தக் கோப்பையில் அதைக் கொடுப்பது கருப்பட்டிதான்!

ஹாத்தாவாரி வேறு ரகம். நாம் கஞ்சிக்கு இலையைப் போடுகிறோம், மருந்துக்குப் போவது நிலத்துக்குள் கொத்தாகத் தொங்கும் கிழங்குவேர், தமிழில் தண்ணீர்விட்டான் கிழங்கு. தோலை உரித்து, நடுவில் ஓடும் நாரை இழுத்துவிட்டால் வெள்ளைச் சதை மிஞ்சும். அதை நசுக்கித் தண்ணீர்ப் போத்தலில் போட்டுக் குலுக்கினால் நுரை எழும்பும். நுரைக்குக் காரணம் சப்போனின்கள் என்ற சவர்க்காரம் போன்ற பொருள்கள், சதாவரின் என்று பெயர் வைத்திருப்பதும் இந்தக் குடும்பத்துக்குத்தான். மாச்சத்து மாதிரித் தெரிவதில் பெரும்பகுதி ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி, அதைச் செரிக்கும் நொதி நமக்கு இல்லை. பெருங்குடலில் உள்ள பக்டீரியாக்கள்தான் அதைத் தின்னும், அதனால் பழக்கமில்லாதவர் ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும். புரதம் இருக்கிறது என்பார்கள். சரி, தூளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு புரதம் என்றே வைத்துக்கொள்வோம், 10 கிராம் தூளில் ஒரு கிராம்தான் வரும். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் இருக்கிறது.

என் கணக்கில், தினமும் பிளேன்டீக்குப் பதிலாக ஏதாவது வேண்டும் என்றால் இரமுசு. வேரை முழுதாகச் சாப்பிட்டுப் பலன் தேடுபவருக்கு ஹாத்தாவாரி, தூளாகப் பாலில் கலந்து, கொஞ்சமாக. கர்ப்பிணிகளும், தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களும் எதையும் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரும்புச்சத்துப் பட்டியலில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒக்சைட்தான். சரியாகக் கழுவாத வேரை அரைத்தால் மண்ணின் இரும்பும் வேரின் கணக்கில் ஏறிவிடும். மருந்துச் சரக்கைச் சோதிப்பவர்கள் தூளை எரித்து, சாம்பலை அமிலத்தில் போட்டு, கரையாமல் நிற்பதை நிறுப்பது இதற்காகத்தான், நிற்பது பெரும்பாலும் மணல். தேயிலை மண்ணின் புளிப்பும் சும்மா இல்லை. புளிப்பை அளக்கும் பீஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்களுக்கு எட்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போடுவது அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் நட்டால் சாம்பலோ டொலமைட்டோ கொஞ்சம் கலந்த மண்ணில் நடுங்கள்.

வெட்டிவேரை இந்தப் போட்டியில் சேர்ப்பதே அநியாயம். சத்துக்காக யாரும் அதைத் தேடுவதில்லை, குசிமோல், வெட்டிவோன் மாதிரி மணப்பொருள்கள்தான் அதன் சொத்து. வேர் மூன்று மீற்றருக்கும் கீழே இறங்கிச் சரிவைப் பிடித்துக்கொள்ளும், மழைக்கு மண் அரித்துப் போகிற இடத்தில் இதைவிட நல்ல வேலி கிடையாது. ஆனால் அது மண்ணிலுள்ள ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களையும் இழுத்து வேரிலேயே வைத்துக்கொள்ளும், அழுக்கு நிலத்தைச் சுத்தம் செய்யவே அதை நடுகிற நாடுகள் உண்டு. ரோட்டோரத்திலோ கழிவுநீர் ஓடும் கான் ஓரத்திலோ பிடுங்கிய வெட்டிவேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போடாதீர்கள். பானைக்கென்று கொல்லையில் தனியாக ஒரு தூர் வைத்துக்கொண்டால் போதும்.