மோன்டெரிஜோனியா, சிவிதா தி பான்யோரேஜோவா?

நடு இத்தாலியில் குன்றின்மேல் அமைந்த இவ்விரு சிற்றூர்களில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரம் உள்ளவர், அவை தோன்றிய காரணத்தை முதலில் அறிவது நல்லது.

தஸ்கனியிலுள்ள மோன்டெரிஜோனி, புளோரன்சுக்கு எதிரான எல்லைக் காவலாகச் சியன்னா குடியரசு 1213 முதல் திட்டமிட்டுக் கட்டிய கோட்டையூர். அதன் மதிற்கோபுரங்களை இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தைப் பாடும் தமது ‘இன்பெர்னோ’வில், நரகக் குழியைச் சூழ்ந்து நிற்கும் இராட்சதர்களுக்கு உவமையாக்கினார். மதிலைத் தவிர உள்ளே ஒரு சதுக்கமும் எளிய தேவாலயமும்தான் குறிப்பிடத்தக்கவை. விரைவில் பார்த்து முடித்துவிடலாம்.

லாட்சியோவிலுள்ள சிவிதாவோ ரோமருக்கு முன் நடு இத்தாலியில் செழித்த எத்ருஸ்கர் காலத்து ஊர். மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையும் அடியில் களிமண்ணும் இருப்பதால், நீரோட்டம் களிமண்ணை அரிக்க அரிக்க, மேற்பாறை ஓரங்களில் பிளந்து விழுகிறது. 1695-இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் மக்களில் பலர் அருகிலிருந்த பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். 1274-இல் மறைந்த இறையியலாளர் புனித பொனவெந்தூர் பிறந்த வீடும் பள்ளத்தில் சரிந்துவிட்டது. இன்று அங்கு நிலையாக வசிப்போர் மிகச் சிலரே. 1960களில் கட்டப்பட்ட நடைபாலத்தைக் கடந்து, பாறையைக் குடைந்த சாந்தா மரியா வாயில் வழியாகச் சென்றால், சான் தொனாத்தோ தேவாலயம் நிற்கும் சதுக்கத்தை அடையலாம். 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு (அவ்வளவு கூட்டம்!).

போர் வரலாற்றில் நாட்டமுள்ளவருக்கு மோன்டெரிஜோனி போதும். என் தேர்வு சிவிதாவே; ஆனால் பாலத்தின் இறுதி ஏற்றம் செங்குத்தானது என்பதால், முழங்கால் வலியுள்ளவர்கள் முன்னதையே தேர்ந்தெடுக்கலாம்.