கல்யாண டிவிடியை மாற்ற ஹேண்ட்பிரேக்கா, மேக்எம்கேவியா?

மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டு அலமாரியில் கிடந்த கல்யாண டிவிடியைப் போட்டால், தாலி கட்டும் இடத்தில் படம் நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால் இப்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு ஹேண்ட்பிரேக், மேக்எம்கேவி என்று இரண்டு கணினி மென்பொருள்கள் உண்டு.

செலவு: டிவிடிக்கு இரண்டுமே இலவசம்.

வேகம்: மேக்எம்கேவி படத்தைச் சுருக்காமல் அப்படியே எம்கேவி என்ற வீடியோ கோப்பாக எடுக்கும், சீக்கிரம் முடியும். ஹேண்ட்பிரேக் திரும்பச் சுருக்குவதால் நேரம் பிடிக்கும்.

அளவு: 4.7 ஜிபி தட்டு நிறைய இருந்தால் மேக்எம்கேவியிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஹேண்ட்பிரேக் தரும் எம்பி4 கோப்பு நன்றாகக் குறையும், போனிலும் ஓடும். கை அசையும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸைப் போடுங்கள்.

பத்திரமாக வைக்க மேக்எம்கேவி. வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப ஹேண்ட்பிரேக். நான் முதலில் எம்கேவி எடுத்து, அப்புறம் அதிலிருந்தே எம்பி4 செய்தேன்.