முற்றத்துக்கு இன்டர்லாக்கா, இடைவெளி விட்ட கருங்கல்லா? பின்பக்கத்துக்கு ஷீட்டா, மரநிழலா?

குமரி மாவட்டத்தில் முற்றத்தைப் புதுப்பிக்க நினைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது இன்டர்லாக்தான், அதாவது ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் கான்கிரீட் கல். சேறு படாது, பெருக்க எளிது, நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட்டால் நாற்காலி ஆடாமல் நிற்கும். ஆனால் ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டம் இது. 500 சதுர அடி முற்றத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் தண்ணீர். அது எங்கே போகும் என்று முடிவு செய்த பிறகே கல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இன்டர்லாக் என்றால், மேல்மண்ணை அள்ளிவிட்டு 4 முதல் 6 அங்குலம் மெட்டல் (உடைகல் ஜல்லி) பரப்பி, நனைத்து இடிக்க வேண்டும். மேலே 1 அங்குலம் எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்), அதன்மேல் 60 மி.மீ. கல். சரிவு 10 அடிக்கு 2 அங்குலத்துக்குக் குறையாமல், வீட்டை விட்டு விலகும் திசையில் இருக்கட்டும். சுற்றிலும் கான்கிரீட் விளிம்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் கார் திரும்பும் இடத்தில் கற்கள் வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். கல் அமிழ்வதற்குப் பெரும்பாலும் கல் காரணமல்ல. புதிதாகக் கொட்டிய செம்மண்ணைச் சரியாக இடிக்காமல் பாவியதுதான்.

2 அடிக்கு 2 அடி, 2 அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகைகளை 2 அங்குல இடைவெளியில் பதித்துப் புல் வளர்ப்பது இன்னொரு வழி. மழை அங்கேயே இறங்கும், மாலையில் உட்காரும்போது சூடும் குறைவு. கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். மாமர நிழலில் எருமைப்புல்தான் பிழைக்கும். கார் நிற்கும் இடத்தில் எந்தப் புல்லும் மஞ்சளிக்கும், அங்கே சிறு ஜல்லி நிரப்பிவிடலாம். இதன் பெரிய குறை, கைத்தடியும் நாற்காலிக் காலும் இடைவெளியில் மாட்டும் என்பது.

ஆகவே கேட்டிலிருந்து படி வரை 4 அடி அகலப் பாதையை மட்டும் இடைவெளியில்லாமல் பாவி, மீதியைப் புல்லிடைக் கல்லாக விடுவதே இங்கே சரி. பாதைக் கல்லுக்குப் பாலிஷ் கூடாது. மழைக்காலப் பாசியில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். தெற்றியையும் (இட்லிப்பூச் செடி) நந்தியாவட்டையையும் பாதை ஓரத்திலிருந்து 2 அடி தள்ளி நடுங்கள். வருகிறவர்களின் உடையில் ஈர இலை உரசாது.

பின்பக்கம் நாலு பேர் கூடிச் சாப்பிடும் இடம். 20 அடிக்கு 12 அடி இருந்தால் மேசை போட்டு இரு வரிசையில் 20 பேர் இலையில் உண்ணலாம், பரிமாறவும் இடம் இருக்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை அதிகம் என்பதால் ஷீட் கூரை கைகொடுக்கும். உச்சிவெயிலில் அதன்கீழ் வேகும். மழையில் பேச்சு கேட்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கத்தில் ஷீட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே 7 அடி உயரக் கம்பிப் பந்தலில் பேஷன் ஃப்ரூட் ஏற்றினால் ஓராண்டளவில் நிழல் கிடைக்கும். நிரந்தர நிழலுக்கு ஒட்டு மா, சுவரிலிருந்து 15 அடி தள்ளி. 2017 ஒக்கி புயலில் இந்த மாவட்டத்தில் மரங்கள் சாய்ந்த வேகத்தை மறக்காமல், ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் கிளை கழியுங்கள்.

கல்லிருக்கை 17 அங்குல உயரம் போதும். ஷீட்டோ பந்தலோ, எதைத் தேர்ந்தாலும் சாப்பிடும் இடத்தைத் தென்னையின் கீழ் அமைக்காதீர்கள். கை கழுவும் குழாயைப் பந்தலின் வெளியோரம் வைத்து, தண்ணீரை வாழைத் தடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.