துரத்துவதா, மறுநாள் போய்ப் பார்ப்பதா?

வன்னியில் கூரைத் தகரம் பறந்தால் எல்லாமே ‘மினி சூறாவளி’தான். அது சுழல்காற்றா (டொர்னாடோ), நேராக அடித்த காற்றா என்று அறிய இரண்டு வழி.

துரத்திப் போகலாம். அமெரிக்காவில் 2004இல் ஐவன் புயலும் அதன் எச்சமும் நூற்றுக்கு மேற்பட்ட சுழல்காற்றுகளைக் கிளப்பின. ஆனால் புயலோடு வரும் இந்த வகைச் சுழல்காற்று பெரும்பாலும் மழைக்குள் ஒளிந்திருக்கும், சில நிமிடங்களில் மறைந்துவிடும். முல்லைத்தீவுக் காட்டுப்பாதையில் துரத்தினால் மோட்டார் சைக்கிள் சேற்றில் புதைவதுதான் மிச்சம்.

என் தெரிவு, மறுநாள் நடந்து பார்ப்பது. ஒடுங்கிய பாதையில் மரங்கள் உள்நோக்கிக் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் பெரும்பாலும் சுழல். விசிறிபோல வெளியே விரிந்து கிடந்தால் நேர்க்காற்று. திசைக்கு வாழை நல்ல சாட்சி. வேகத்துக்கு உதவாது, சின்னக் காற்றுக்கே சாயும். பனை முறிந்திருந்தால் விஷயம் பெரிது. சரி, சனம் மரத்தை அறுத்து விறகாக்கமுதல் போய்விடுங்கள்.