பேக்ஃப்ளோ கருவியும் வருடாந்தரச் சோதனையும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

அமெரிக்காவில் தோட்டத்துக்கு ஸ்பிரிங்க்ளர் போட்ட வீடுகள் பலவற்றுக்கு உள்ளூர் தண்ணீர்த் துறையிலிருந்து வருடா வருடம் ஒரு கடிதம் வரும். சான்றிதழ் பெற்ற டெஸ்டரை வைத்து உங்கள் பேக்ஃப்ளோ கருவியை (தோட்டத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது) சோதித்து, இன்ன தேதிக்குள் அறிக்கை அனுப்புங்கள். தவறினால் இணைப்பைத் துண்டிக்க நேரிடும் என்று எழுதியிருக்கும். வீடு வாங்கிய புதிதில் பலருக்கு இப்படி ஒரு கருவி இருப்பதே அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். பல வருடம் இதோடு புழங்கினால் ஒன்று பிடிபடும்: கருவி தேய்ந்துபோய்ச் சோதனையில் தோற்பது குறைவு. பெரும்பாலும் சிக்கல் கொடுப்பவை அதன் இரு பக்கமும் இருக்கும் ஷட்-ஆஃப் வால்வுகள், குளிர்காலம், படிவத்தில் எழுதும் சீரியல் எண்.

எதற்காக இந்தச் சோதனை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெருக் குழாய் உடைந்தாலோ தீயணைப்புக்கு ஹைட்ரன்ட் திறந்தாலோ பிரதான குழாயில் அழுத்தம் சட்டென்று விழும். அப்போது புல்தரையில் உரத்தோடும் நாய்க் கழிவோடும் கிடக்கும் தண்ணீர் ஸ்பிரிங்க்ளர் வழியாகப் பின்னால் இழுக்கப்பட்டுக் குடிநீரில் கலக்கலாம். 1933-ல் சிகாகோவில் ஹோட்டல் குழாய் இணைப்புக் கோளாறால் பரவிய அமீபா வயிற்றுக்கடுப்பில் 98 பேர் இறந்தார்கள். விதிகள் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இப்படிப்பட்ட பின்னணி உண்டு.

வீடுகளில் பொதுவாக மூன்று வகை இருக்கும். முதலாவது பிவிபி (பிரஷர் வாக்யூம் பிரேக்கர்), ஃபெப்கோ 765, வில்கின்ஸ் 720ஏ போன்ற மாடல்கள். சுவரோரம் மூடி போட்ட தலையோடு நிற்கும். உள்ளே ஒரு செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது), மேலே காற்று நுழையும் வழி, அவ்வளவுதான். உதிரி எளிது, அழுத்த இழப்பு குறைவு. ஆனால் அதற்குப் பின் வரும் எல்லா ஸ்பிரிங்க்ளர் தலைகளையும்விட குறைந்தது 12 அங்குலம் உயரத்தில் அது இருந்தாக வேண்டும். சரிவான மனையில் மேட்டில் ஒரே ஒரு தலை உயரமாக இருந்தாலும் பிவிபி செல்லாது. தெருப் பக்கம் அழுத்தம் விழுந்து ஏற்படும் பின்னுறிஞ்சலைத் தடுக்குமே தவிர, வீட்டுப் பக்கம் அழுத்தம் ஏறித் தள்ளும் எதிரழுத்தத்தைத் தடுக்காது. இரண்டாவது டபுள் செக், அதாவது அடுத்தடுத்து இரண்டு செக் வால்வுகள். பல ஊர்களில் மண்ணுக்கடியில் பெட்டிக்குள் வைக்க அனுமதி உண்டு, பார்வைக்கும் உறுத்தாது. மூன்றாவது ஆர்பி (ரெட்யூஸ்டு பிரஷர்), வில்கின்ஸ் 975எக்ஸ்எல், வாட்ஸ் 009 வகையறா. இரண்டு செக் வால்வுக்கும் நடுவே, கோளாறு வந்தால் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் ரிலீஃப் வால்வு இருக்கும். பாதுகாப்பில் இதுதான் முதலிடம். ஸ்பிரிங்க்ளர் வழியாகத் திரவ உரம் செலுத்துபவர்களுக்கு இதைத் தவிர வழியில்லை. ஆனால் சிறிய அளவுகளில் 10 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) மேல் அழுத்தத்தைத் தின்றுவிடும். தரையிலிருந்து 12 அங்குலம் உயரத்தில், தண்ணீர் வடிய வழியோடு நிற்க வேண்டும். கட்டாயம் இல்லாத இடத்தில் ஆர்பி போடச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பிவிபி சோதனையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அதிக நேரம் பிடிக்காது. டெஸ்டர் முதலில் டெஸ்ட் காக்குகளை (கருவியில் சோதனைக்கென இருக்கும் சிறு குழாய்த் திறப்புகள்) திறந்து கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டுக் குப்பையை வெளியேற்றுவார். பிறகு கேஜின் (அழுத்தமானி) ஹோஸை இரண்டாவது டெஸ்ட் காக்கில் மாட்டி, காற்றை வெளியேற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கம் இருக்கும் இரண்டாவது ஷட்-ஆஃப் வால்வையும் அடுத்து தண்ணீர் வரும் பக்கத்து முதலாவதையும் மூடுவார். கேஜின் பிளீடை (தண்ணீரை வெளிவிடும் சிறு வால்வு) மெல்லத் திறக்கும்போது அழுத்தம் இறங்கும். மேலே மூடிக்குள் காற்று வழியை அடைத்திருக்கும் பாப்பெட் 'டக்' என்று கீழே விழும்போது ஊசி எங்கே நிற்கிறதோ அதுதான் காற்று வழி திறக்கும் அளவு. 1 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் தோல்வி. மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தால் அந்த விழுகை கண்ணுக்கே தெரியும். அடுத்து ஹோஸ் முதல் டெஸ்ட் காக்குக்கு மாறும். இரண்டாவது காக்கைத் திறந்துவிட்டு, அதில் ஒழுகல் நின்றதும் கேஜைப் படிப்பார். செக் வால்வும் குறைந்தது 1 பிஎஸ்ஐ தாங்கிப் பிடிக்க வேண்டும். கேஜைக் கருவியின் உயரத்திலேயே பிடிக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தரையில் போட்டுவிட்டுப் படித்தால், ஹோஸில் நிற்கும் தண்ணீரின் எடையும் ரீடிங்கில் சேர்ந்துகொள்ளும். இரண்டரை அடிக்கே ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ வந்துவிடும், அதாவது தேர்ச்சி எல்லையே அவ்வளவுதான்.

இங்கேதான் ஷட்-ஆஃப் வால்வு குறுக்கே வருகிறது. பிவிபியில் முதல் வால்வு முழுதாக மூடாமல் கசிந்தால் அழுத்தம் இறங்கவே இறங்காது. காற்று வழி திறக்கவில்லை என்று தோன்றும். டபுள் செக்கிலும் ஆர்பியிலும் இரண்டாவது வால்வு கசிந்தால் செக் வால்வு ரீடிங்கை நம்ப முடியாது. அனுபவமுள்ள டெஸ்டர் இதை முதலிலேயே கண்டுபிடித்து, கசிவை ஈடுகட்டும் முறையில் சோதிப்பார். அவசரக்காரர் 'ஃபெயில்' என்று எழுதிவிட்டு ரிப்பேர் கிட்டுக்கு விலை சொல்வார். இந்த ஷட்-ஆஃப்கள் உள்ளே பந்து சுழலும் பால் வால்வுகள் (ball valve). வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திருப்பப்படும் பால் வால்வு இறுகிப்போவதில் ஆச்சரியமில்லை. தண்ணீர் விடும் பருவத்தில் அவ்வப்போது முழுதாக மூடித் திறந்து வைத்தால் நெடுநாள் உழைக்கும். மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: டபுள் செக்கிலும் ஆர்பியிலும் முதல் டெஸ்ட் காக் முதல் ஷட்-ஆஃப் வால்விலேயேதான் இருக்கும். டெஸ்ட் காக்குக்கான துளை இல்லாத சாதாரண பால் வால்வைப் போட்டால் அடுத்த சோதனையையே செய்ய முடியாது.

உண்மையாகவே செக் வால்வு தோற்றால், உடனே புது உதிரி என்று போகாமல் முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் குழாய் வேலை நடந்த வருடமாக இருந்தால் பெரும்பாலும் ரப்பர் டிஸ்க்குக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்திருக்கும். கழுவிப் பொருத்தினால் ரீடிங் திரும்பி வந்துவிடும். டிஸ்க்கில் வட்டமாக ஆழத் தடம் விழுந்திருந்தாலோ சீட்டில் கீறல் இருந்தாலோதான் மாற்ற வேண்டும். ஓ-ரிங்குக்குக் குடிநீருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலின் வகைகள் ஈபிடிஎம் ரப்பரை ஊதவைத்துவிடும். அது உடனே தெரியாது, சில மாதம் கழித்துப் பாப்பெட் ஒட்டிக்கொள்ளும்போது தெரியும்.

ஆர்பியில் பார்க்கும் அளவுகள் வேறு. ரிலீஃப் வால்வு திறக்கும் புள்ளி 2 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. முதல் செக் தாங்கும் அளவு அதைவிடச் சுமார் 3 பிஎஸ்ஐ மேலே இருப்பது நல்லது. இடைவெளி குறைந்தால் அழுத்தம் லேசாக ஆடும்போதெல்லாம் கீழே தண்ணீர் துப்பும். துப்பல் நிற்காமல் ஒழுகலாக மாறினால் காரணத்தை நீங்களே ஓரளவு பிரித்துவிடலாம். இரண்டாவது ஷட்-ஆஃபை மூடுங்கள். ஒழுகல் நின்றால் இரண்டாவது செக் கசிகிறது, பின்னாலிருந்து எதிரழுத்தமும் வருகிறது. நிற்கவில்லையா, அதை மூடியபடியே, கடைசியாக இருக்கும் நான்காவது டெஸ்ட் காக்கைத் திறந்து கொஞ்சம் ஓடவிடுங்கள். இப்போது நின்றால் கோளாறு முதல் செக்கில். அப்போதும் நிற்காவிட்டால் ரிலீஃப் வால்வில். இதைச் சொல்லி டெஸ்டரை அழைத்தால் சரியான கிட்டோடு வருவார்.

குளிர் கடுமையான பகுதிகளில் பிவிபியைக் கொல்வது பெரும்பாலும் உறைபனிதான். இலையுதிர் காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடி, வடிகாலைத் திறந்து, கருவியின் இரண்டு டெஸ்ட் காக்குகளையும் ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்றுத் திருப்பித் திறந்து வைக்க வேண்டும். பிறகு இரண்டு பால் வால்வு கைப்பிடிகளையும் 45 டிகிரியில், பாதி திறந்த நிலையில் விடுங்கள். முழுதாக மூடினாலும் முழுதாகத் திறந்தாலும் பந்துக்கும் உடலுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொண்டு, உறைந்து, பித்தளையையே பிளந்துவிடும். கம்ப்ரஸரால் குழாயை ஊதும்போது காற்றைக் கருவிக்குப் பின்னாலிருந்து கொடுங்கள், கருவி வழியாக வேண்டாம். பாலி (பாலிஎத்திலீன்) குழாய்க்கு 50 பிஎஸ்ஐயைத் தாண்டவே கூடாது. வசந்தத்தில் தண்ணீர் திறக்கும்போது மூடியைச் சுற்றி ஒரு நொடி பீய்ச்சியடித்து நின்றால் கவலையில்லை, பாப்பெட் மேலேறி உட்காரும் நேரம் அது. நிற்காமல் கொட்டினால் பானெட்டோ (பாப்பெட்டுக்கு மேல் இருக்கும் உள்மூடி) பாப்பெட்டோ உடைந்திருக்கும். ஃபெப்கோ 765-ல் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே கிட்டாகக் கிடைக்கும். உடல் பிளக்காமல் தப்பியிருந்தால் அதை மாற்றினாலே போதும்.

சோதனைக்கான கெடு தேதி குளிர்காலத்தில் விழுந்திருந்தால் தண்ணீர்த் துறைக்கு எழுதி வசந்தத்துக்கு மாற்றிக் கேளுங்கள். வடித்து வைத்த கருவியைச் சோதிக்க முடியாது, கெடுவும் தானாக நகராது.

இனி காகிதம். படிவத்தில் கருவியின் தயாரிப்பு, மாடல், அளவு, சீரியல் எண், குழாய் அழுத்தம், ரீடிங்குகள், டெஸ்டரின் சான்றிதழ் எண், கேஜின் எண், அதைக் கடைசியாகத் துல்லியம் பார்த்த தேதி எல்லாம் கேட்பார்கள். கேஜ் தேதி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் சோதனை எவ்வளவு சுத்தமாக நடந்திருந்தாலும் அறிக்கை திரும்பிவிடலாம். அதைவிட அடிக்கடி நடப்பது சீரியல் எண் குழப்பம். முந்தைய உரிமையாளர் கருவியையே மாற்றியிருப்பார், துறையின் பதிவில் பழைய எண் அப்படியே இருக்கும். டெஸ்டர் புது எண்ணில் அறிக்கை அனுப்புவார். அது புதிய கருவியாகப் பதிவாகும், பழையது கெடு தாண்டியதாகவே நிற்கும், அபராதக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். எந்தக் கருவிக்குப் பதில் இது வந்தது என்பதை அறிக்கையிலேயே குறிப்பிடச் சொல்வதுதான் தீர்வு. எண்ணைத் தகட்டிலிருந்து படித்துச் சொல்லாமல் போட்டோ எடுத்து வையுங்கள். வருடங்கள் போனால் 8-ம் 3-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள் உதிரி மட்டும் மாற்றினால் எண் மாறாது. பழுது பார்த்த பிறகு மறுபடி சோதித்து, முன்-பின் ரீடிங் இரண்டையும் எழுத வேண்டும்.

எல்லா வருட அறிக்கை நகலையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செக் ரீடிங் 2.0, 1.6, 1.3 என்று இறங்கி வந்தால் கருவி இன்னும் 'பாஸ்'தான், ஆனால் அடுத்த முறைக்குக் கிட்டைத் தயாராக வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

மீட்டருக்குப் பக்கத்தில், முழு வீட்டுக்கும் சேர்த்து டபுள் செக்கோ ஆர்பியோ போடச் சொன்னால் இன்னொரு விஷயம் சேரும். அதற்கு முன் வாட்டர் ஹீட்டரில் சூடாகி விரியும் தண்ணீர் தெருக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இனி போக வழியில்லை. அழுத்தம் ஏறி ஹீட்டரின் 150 பிஎஸ்ஐ பாதுகாப்பு வால்வு சொட்ட ஆரம்பிக்கும். வால்வை மாற்றிப் பயனில்லை, விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும், காற்று அடைத்த எக்ஸ்பான்ஷன் டேங்க் வேண்டும். அதன் காற்றழுத்தத்தைத் தண்ணீரோடு இணைக்கும் முன்பே வீட்டுக் குழாய் அழுத்தத்துக்குச் சமமாக வைக்க வேண்டும்.

ஸ்பிரிங்க்ளரையே இனி பயன்படுத்தப் போவதில்லை என்றால், வால்வை மூடி வைத்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட முடியாது. இணைப்பு இருக்கும்வரை சோதனையும் இருக்கும். கிளைக் குழாயைப் பிரதானத்தின் அருகிலேயே வெட்டி மூடி போட்டு, துறையின் ஆய்வாளர் பார்த்துக் கருவியைப் பதிவிலிருந்து நீக்கியதற்கு எழுத்தில் ஒரு வரி வாங்கிய பிறகுதான் கடிதம் நிற்கும்.