குழந்தையின் பயத்தை அளக்க ஐந்து முக அட்டையா, பல்ஸ் ஆக்ஸிமீட்டரா?

பல் மருத்துவமனைக்கு வரும் குழந்தை எவ்வளவு பயந்திருக்கிறது என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைக் குழந்தைகள் பல் மருத்துவத்தில் இருக்கும் எவரும் மறுக்கமாட்டார்கள். எதைக் கொண்டு தெரிந்துகொள்வது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. என் மருத்துவமனையில் அன்றாடம் பயன்படுத்திவரும் இரண்டு பொருள்களை, அதாவது ஐந்து முகங்கள் வரைந்த பட அட்டையையும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும், பெற்றோருக்கும் புதிதாகத் தொழிலுக்கு வரும் மருத்துவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் அட்டை. பிரிட்டனைச் சேர்ந்த புக்கானன், நிவன் இருவரும் 2002இல் வெளியிட்ட இந்த அளவுகோலில் கோட்டோவியமாக ஐந்து முகங்கள் வரிசையாக இருக்கும்; முதல் முகம் நன்றாகச் சிரிக்கும், ஐந்தாவது மிகவும் வாடியிருக்கும். இப்போது தனக்கு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தைக் குழந்தை தொட்டுக் காட்டினால் போதும். நான்காவது முகத்தையோ ஐந்தாவது முகத்தையோ தொடும் குழந்தைகளிடம் பயம் அதிகம் என்று கொள்வது வழக்கம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது, காத்திருக்கும் இடத்திலேயே முடித்துவிடலாம். எல்லாவற்றையும்விட, பயம் எவ்வளவு என்பதை அம்மாவோ மருத்துவரோ ஊகிக்காமல் குழந்தையே சொல்கிறது. அதனால்தான் இதை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

ஆனால் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் விடை வந்துவிடாது. நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் விரலைக் கவனித்துப் பாருங்கள்: அது வாடிய முகத்தை நோக்கிப் போகும், பாதியில் நிற்கும், கண் ஒருமுறை அம்மாவின் முகத்தைப் பார்க்கும், பிறகு விரல் சிரிக்கும் முகத்தின் மேல் போய் விழும். அந்தக் குழந்தை தன் நிலையைச் சொல்லவில்லை, அம்மாவுக்குப் பிடித்த விடையைச் சொல்கிறது. ஆகவே அட்டையைக் காட்டும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம், குழந்தையின் பார்வைக்கு நேரே இருக்கக் கூடாது. கேள்வியும் முக்கியம். “பயமா இருக்கா?” என்று கேட்டால், அதுவரை பயப்படாத குழந்தையும் ஏதோ நடக்கப்போகிறது என்று யோசிக்கத் தொடங்கிவிடும், “இப்போ உனக்கு எப்படி இருக்கு, எந்த மூஞ்சி மாதிரி இருக்கு?” என்று கேட்பதே சரி. அதற்கும் முன்னால், பொம்மை வாங்கிக் கொடுத்தால் எந்த முகம், கீழே விழுந்து அடிபட்டால் எந்த முகம் என்று இரண்டு ஒத்திகைக் கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. இரண்டுக்கும் ஒரே முகத்தைத் தொடும் குழந்தைக்கு இந்த அட்டை இன்னும் புரியவில்லை என்று பொருள். அதன் விடையைக் குறித்துக்கொள்வதில் பயனில்லை. அட்டையைக் கெட்டித் தாளில் அச்சிட்டு மேட் லேமினேஷன் செய்துகொள்ளுங்கள். பளபளப்பான லேமினேஷனில் விளக்கொளி பட்டு நடு முகம் தெரியாமல் போகிறது.

இதற்கு முன்பிருந்தே, 1970களிலிருந்து, புழக்கத்தில் உள்ள வென்ஹாம் படச் சோதனையில் எட்டு அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பயந்த உருவம் ஒன்றும் பயமில்லாத உருவம் ஒன்றும் இருக்க, குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உருவங்கள் எல்லாம் பையன்களாக இருப்பதும், சில படங்களில் எது பயம், எது கோபம் என்று பெரியவர்களுக்கே விளங்காததும் அதன் குறைகள். இந்தியாவில் உருவான ஆர்எம்எஸ் அளவுகோல் உண்மையான குழந்தைகளின் புகைப்படங்களைப் பயன்படுத்துகிறது, பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை உண்டு. கோட்டோவியத்தோடு ஒட்டாத சிறு குழந்தைகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. சோட்டா பீம், சுட்கி முகங்களைக் கொண்ட அட்டையும் இருக்கிறது. குழந்தைகள் அதை ஆசையோடு வாங்கிப் பார்ப்பார்கள், ஆனால் தன் நிலையை மறந்து தனக்குப் பிடித்த படத்தைத் தொட்டுவிடும் அபாயமும் அதில் கூடுதல்.

இனி பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்கும் வந்து சேர்ந்த அதே கருவிதான். பயத்தில் நாடித்துடிப்பு ஏறும் என்பதால் அந்த எண்ணைப் பயத்தின் அளவாகக் காட்டும் பழக்கம் பரவியிருக்கிறது, எண் என்றவுடன் பெற்றோருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. எனக்கு அந்த நம்பிக்கை அரைகுறையாகவே இருக்கிறது. மாடிப்படி ஏறி ஓடிவந்த குழந்தைக்கும், காய்ச்சல் தொடங்கியிருக்கும் குழந்தைக்கும், ஆவலாக நாற்காலியில் ஏறும் குழந்தைக்கும் துடிப்பு ஏறத்தான் செய்யும். ஏசி அறையில் சில்லிட்ட விரல், அசையும் விரல், அடர்நிற நகப்பூச்சு எல்லாம் அளவீட்டைக் குலைத்துவிடும். பெரியவர்களுக்கான கிளிப் சின்ன விரலில் நிற்காமல் நழுவும். வாங்குவதானால் குழந்தைகளுக்கென்று செய்ததையே வாங்க வேண்டும். மருத்துவர்களே கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு. மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலினும் கலந்திருக்கிறது, அதுவே துடிப்பை உயர்த்தக்கூடியது. ஆகவே ஊசிக்குப் பிறகு ஏறிய எண்ணைப் பார்த்துக் குழந்தை பயந்துவிட்டது என்று எழுதுவது சரியாகாது.

அப்படியானால் கருவி வேண்டாமா? வேண்டும், துணைக்கு. குழந்தை அமைதியாக உட்கார்ந்த பிறகு ஒருமுறை, நாற்காலியில் ஏறியதும் ஒருமுறை பார்த்து, அந்தக் குழந்தையின் எண்ணை அதே குழந்தையின் முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் அது பேசும். சிரிக்கும் முகத்தைத் தொட்ட குழந்தைக்கு நாற்காலியில் துடிப்பு வெகுவாக ஏறினால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். முனகாமல், அசையாமல், சொன்னதைச் செய்யும் குழந்தையிடம் இது மிகவும் உதவுகிறது. சிகிச்சையின்போது குழந்தையின் நடத்தையை மதிப்பிட ஃபிராங்கல் என்பவர் 1962இல் வகுத்த நான்கு படிநிலைகளின்படி ஒத்துழைப்பில் முழு மதிப்பெண் பெறும் அந்தக் குழந்தை, உள்ளே உறைந்துபோயிருக்கலாம். நடத்தையை அளப்பது வேறு, பயத்தை அளப்பது வேறு.

உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்கும் முறையைச் சிலர் கேட்கிறார்கள். அந்த ஹார்மோன் காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும், பயந்த பிறகு உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும், முடிவு ஆய்வகத்திலிருந்து வரவேண்டும். ஆராய்ச்சிக்கு அது சரி, அன்றைய சிகிச்சையை மாற்ற உதவாது.

முக அட்டையின் பெரிய குறை, எவ்வளவு பயம் என்று சொல்லுமே தவிர எதற்குப் பயம் என்று சொல்லாது. அதற்குக் கேள்விப் பட்டியல் தேவை. குழந்தைகளின் பல் சிகிச்சைப் பயத்தை அறியப் பரவலாகப் பயன்படும் சிஎஃப்எஸ்எஸ்-டிஎஸ் பட்டியலில் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 38ஐத் தொட்டால் பயம் அதிகம் எனப் பல ஆய்வுகள் கொள்கின்றன. மொத்த மதிப்பெண்ணைவிடத் தனி விடைகளே எனக்குப் பயன்படுகின்றன. ஊசிக்குப் பயப்படும் குழந்தைக்கும், ட்ரில் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்கும், வாய்க்குள் நீர் நிரம்பி மூச்சு முட்டுமோ என்று பயப்படும் குழந்தைக்கும் ஒரே ஆறுதல் பலிக்காது. சிறு குழந்தைகளுக்குப் பெற்றோரே இதை நிரப்புவதால், தங்கள் பயத்தையும் சேர்த்து எழுதிவிடும் பெற்றோர் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் அட்டையை வாங்குங்கள். ஒவ்வொரு வருகையிலும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும், குழந்தை தொட்ட முகத்தின் எண்ணைக் கோப்பில் குறித்து வையுங்கள். பெற்றோரும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இரண்டாம் வருகையில் அது கூடியிருந்தால், அன்றைக்குப் பல்லை அடைக்காமல் நாற்காலியையும் கருவிகளையும் காட்டி அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.